நாலு குச்சி ரேம்

அக்காவுக்கான கம்ப்யூட்டரைத் தானேதான் கட்டித் தருவேன் என்று குணாளன் பிடிவாதமாக இருந்தான். விக்னேஸ்வரிக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. கடையில் கட்டி, ஓட்டிப் பார்த்து, உத்தரவாதத்தோடு கொடுக்கும் மெஷின் ஒன்றை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தாள். "வீட்டுல நான் இருக்கும்போது கடைக்காரன் எதுக்குக்கா?" என்று அவன் விடவில்லை. பிரிஞ்சாங் டவுனில் ஒரு ஹோட்டலில் ரிசெப்ஷனில் நிற்பவன் அவன். ஆனால் தெரிந்தவர்கள் வட்டாரத்தில் அவனுக்குப் பெயர் கம்ப்யூட்டர் குணா. அந்தப் பெயர் அவனுக்குச் சம்பளத்தைவிடப் பிடித்தது.

இரண்டு பேரும் அப்பாவோடு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில்தான் இருந்தார்கள். அப்பா தோட்டத்து லோரி டிரைவர். வீடு அந்த வேலைக்குக் கிடைத்தது. அம்மா இல்லை. விக்னேஸ்வரி ஜொகூரில் நில அளவை படித்துவிட்டு மலைக்கே திரும்பி வந்தவள். ட்ரோனைப் பறக்கவிட்டு, மலைச்சரிவுகளை மேலிருந்து நூற்றுக்கணக்கில் படம் எடுப்பாள். அந்தப் படங்களை ஒன்றோடொன்று பொருத்தினால், மண் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே பிளந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் ஒரு மேப்பாகக் காட்டும். மலையடியில் லெம்பா பெர்த்தாம் ஊருக்குள் வெள்ளமும் சேறும் புகுந்த வருஷம் அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் கூரையைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. இந்த வேலைக்கு ஏன் வந்தாய் என்று யாராவது கேட்டால் அவள் அதைத்தான் சொல்வாள், அதுவும் ஒரே வரியில்.

இத்தனை படங்களைப் பொருத்துவதற்கு அவளுடைய பழைய லேப்டாப்புக்குத் தெம்பில்லை. பொருத்தும் நேரத்தில் எல்லாப் படங்களையும் கம்ப்யூட்டர் ஒன்றாகக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தக் கைதான் ரேம். "எது எப்படிப் போனாலும் ரேமில மட்டும் கை வைக்காத, குணா. எனக்கு அது நெறைய வேணும், நின்னு ஓடணும்" என்று அவள் சொல்லித்தான் அனுப்பினாள்.

சாமான் வாங்க ஈப்போவுக்குப் போனான். அங்கே கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்யும் புவனேஸ்வரன் அவனோடு படித்தவன். வாங்க வேண்டியதையெல்லாம் வாங்கி முடித்துக் கடைசியில் ரேமுக்கு வந்தார்கள். புவனேஸ்வரன் இரண்டு கறுப்புக் குச்சிகளை எடுத்து மேஜைமேல் வைத்தான். விளக்கு இல்லை, அலங்காரம் இல்லை, பார்த்தால் இரும்புப் பட்டை மாதிரி இருந்தது.

"இது ரெண்டு போதும் லா. பெரிய குச்சி. உங்க அக்கா வேலைக்கு இதுதான் சரி."

குணாளனின் கண் கண்ணாடி அலமாரியில் இருந்தது. அங்கே வேறொரு வகை, தலையில் விளக்குப் பட்டையோடு, நீலமும் ஊதாவுமாக நிறம் மாறி மாறி ஒளிர்ந்துகொண்டிருந்தது. கறுப்புக் குச்சியைவிடச் சின்ன அளவு. நான்கு போட்டால் அதே கணக்கு வரும்.

"அதுல நாலு எடுத்தா?"

"எடுத்தா அளவு ஒன்னுதான். ஆனா நாலு குச்சிய அந்த போர்டு முழு ஸ்பீட்ல தாங்காது. ஸ்பீட குறைச்சு வைக்கணும். இல்லாட்டி ஓடும், ஓடும், பெரிய வேலை வரும்போது படுத்துக்கும்."

"போர்டுல நாலு எடம் இருக்கே. ரெண்ட காலியா விடச் சொல்றியா?"

"காலியா இருந்தா என்ன, கல்யாண வீட்டு நாற்காலியா அது?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். குணாளன் விளக்கு வைத்த நான்கையே வாங்கினான். கண்ணாடிப் பக்கம் வைத்த கம்ப்யூட்டர் பெட்டிக்குள் நான்கும் வரிசையாக நின்று எரிவதை அவன் ஏற்கெனவே மனத்தில் பார்த்துவிட்டான். ஸ்பீடைக் குறைத்து வைக்க வேண்டும் என்பது அவன் காதில் விழாமல் இல்லை. ஆனால் வீட்டில் எல்லாம் பூட்டி முடித்து, ரேம் டப்பாவில் அச்சடித்திருந்த முழு வேகத்தை வைத்துப் பார்த்தபோது மெஷின் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கிளம்பியது. தன்னுடைய விளையாட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தான், அதுவும் ஓடியது. புவனேஸ்வரன் சும்மா பயமுறுத்துகிறான் என்று நினைத்துக்கொண்டான். ரேமைச் சோதித்துப் பார்க்க ஒரு புரோகிராம் உண்டு, முழுதாக ஓட அரை நாள் பிடிக்கும். அதைப் போடவில்லை.

விக்னேஸ்வரி அந்த விளக்குகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு. வேலை செய்யுமா?"

"பறக்கும்க்கா."

*

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணி சாமிநாதன் வீட்டு வாசலில் வந்து நின்றார். கொழுந்து நிறுக்கும் நிறுவைக் கொட்டகைக்கு மேலே இருக்கும் தேயிலை மலையில் மண் வாய் பிளந்திருப்பதாகச் சொன்னார். புதுப் பாதை வெட்டியதிலிருந்து அப்படி இருக்கிறதாம்.

"கண்ணுக்கு ஒரு கோடு மாதிரிதான் தெரியுது. எவ்வளவு தூரம் போகுது, ஆழமா, சும்மா மேல் மண்ணான்னு தெரியல. மேனேஜர் தொரைகிட்ட கொட்டகைய மாத்தணும்னு சொன்னா ஆதாரம் கேப்பாரு. நீ மேப் எடுத்துக் குடும்மா. அத வச்சுப் பேசிடறேன்."

மறுநாள் காலையே விக்னேஸ்வரி ட்ரோனோடு மலைக்குப் போனாள். பனி விலகிய நேரம் பார்த்துப் பறக்கவிட்டு, நடுப்பகலுக்குள் எல்லாப் படங்களோடும் திரும்பி வந்தாள். கம்ப்யூட்டரில் போட்டு வேலையைத் தொடங்கினாள். சாயங்காலம் வரை அது ஓடியது. பிறகு எந்தக் காரணமும் சொல்லாமல் புரோகிராம் மூடிக்கொண்டது.

மறுபடி தொடங்கினாள். இந்தத் தடவை பாதி மேப் வந்தது. மலையின் நடுவில் இல்லாத முள்ளெல்லாம் முளைத்துக்கொண்டு நின்றது. அப்புறம் திரை நீலமாகி, மெஷினே அணைந்து எழுந்தது.

"மெஷின்ல ஏதும் கோளாறா, குணா?"

அவன் அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தான். ரேம்தான் என்று அவனுக்கு அப்போதே தோன்றியது. தோன்றியது என்ன, தெரிந்தது. அவளை எழுப்பிவிட்டு உட்கார்ந்து, மெஷினின் செட்டிங்குக்குள் போய் வேகத்தைக் குறைத்திருந்தால் தீர்ந்தது. ஆனால் அவள் பக்கத்தில் இருந்து பார்ப்பாள். என்ன செய்கிறாய் என்று கேட்பாள். ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று அடுத்து கேட்பாள். ரேமில மட்டும் கை வைக்காத என்று அவள் சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது.

"மெஷின்ல ஒன்னும் இல்லக்கா. எங்க, படத்தக் காட்டு."

அவள் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தாள். எல்லாம் தெளிவாகவே இருந்தன. ஓரத்தில் சிலவற்றில் மட்டும் மெல்லிய வெள்ளை படிந்திருந்தது.

"பாத்தியா, பனி. இதையெல்லாம் பொருத்தத் தெரியாமதான் முழிக்குது. மறுபடி எடுத்துடு, சரியாயிடும்."

அவள் தயங்கினாள். "இவ்வளவு பனிக்கெல்லாம் ஒன்னும் ஆகாதே" என்றாள். ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் அவன் பேச்சுக்கு மேல் பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. கிராணிக்கு போன் செய்து, படம் சரியாக வரவில்லை, வெயில் வந்ததும் திரும்ப எடுத்துக் கொடுக்கிறேன் என்று சொன்னாள். அவள் தன் மேலேயே பழியைப் போட்டுப் பேசுவதை குணாளன் அடுத்த அறையிலிருந்து கேட்டான்.

அவள் திரும்பப் பறக்கவிடுவதற்குள் வேகத்தைக் குறைத்து வைத்துவிடலாம் என்பதுதான் அவன் எண்ணம். ஆனால் பள்ளி விடுமுறை வந்து ஹோட்டல் நிரம்பி வழிந்தது. அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அக்கா மேஜையில் ஏதாவது வேலையாக இருந்தாள். வெளியே மழை. பறக்கவிட வழியே இல்லையே, அவசரம் என்ன என்று அவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

மழை விடவே இல்லை. ஒரு காலையில், முதல் நிறுவைக்குக் கொழுந்து மூட்டைகள் வந்து இறங்கிய நேரம், மலை கொட்டகைமேல் இறங்கியது.

மூட்டை தூக்கிப்போட வந்த பங்களாதேஷ் ஆட்கள் வெளியே நின்றதால் தப்பித்துக்கொண்டார்கள். உள்ளே தராசடியில் நின்றவள் நவமணி. குணாளன் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி. அம்மா படுத்த படுக்கையாக இருந்த நாளில் இரண்டு பிள்ளைகளுக்கும் தலை வாரி, சோறு போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியவள். அவன் ஹோட்டலிலிருந்து மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, அந்த ஆட்கள் மண்வெட்டியை வீசிவிட்டு வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவனும் மண்டியிட்டுத் தோண்டினான். நவமணி கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தாள். வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. இடது கால்மேல் கொட்டகையின் இரும்புத் தூண் கிடந்தது.

ஈப்போ ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

*

விக்னேஸ்வரி ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். நவமணியின் மகள் கிள்ளானிலிருந்து வந்து சேரும்வரை ராப்பகலாகக் கூட இருந்தாள். வீட்டுக்கு வந்தால் ட்ரோன் பெட்டியைத் திறப்பதில்லை. அப்பா ஒருநாள் சாப்பிடச் சொல்லிக் கூப்பிட்டபோது, "பனியில பறக்கவிட்டுட்டேன்பா. கொஞ்சம் பொறுத்து விட்டிருந்தா அன்னிக்கே மேப் வந்திருக்கும்" என்றாள். அப்பா அவள் தலையில் கை வைத்தார். குணாளன் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

அடுத்த நாள் அவனுக்கு விடுப்பு. அக்கா ஈப்போ போயிருந்தாள். வீட்டில் யாரும் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். உள்ளே போய் ரேமின் வேகத்தைக் குறைத்தான். ஒரே ஓர் எண்ணை மாற்றும் வேலை. தேநீர் ஊற்றிக் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. பிறகு அன்றைக்கு எடுத்த அதே படங்களைப் போட்டான்.

அது மறுபடி விழுந்துவிட வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டான். விழுந்தால் பனிதான் காரணம் என்று ஆகும். நான் சொன்னது பொய்யில்லை என்று ஆகும். இரண்டு தடவை எழுந்து போய்க் கூடத்தில் நடந்துவிட்டு வந்தான். கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிற்பகல் சாயும் நேரத்தில் முழு மலையும் ஒரு குறையில்லாமல் திரையில் எழுந்து நின்றது.

தேயிலை வரிசைகள் மயிர் வகிர்ந்ததுபோல ஒழுங்காக ஓடி, ஓர் இடத்தில் எல்லாம் சேர்ந்து முறிந்திருந்தன. அந்த இடத்திலிருந்து கீழே மலை ஒரு படி இறங்கியிருந்தது. பாதை வெட்டிய இடத்தில் தொடங்கி, கொட்டகையின் முதுகுக்கு நேர் மேலே வந்து வளைந்தது அந்த முறிவு. படிக்காதவனுக்கும் புரியும். குணாளன் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தான்.

அழித்துவிடலாம். அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. அக்கா இந்தப் படங்களை இனித் திறக்கப் போவதில்லை. மழை பெய்தது, மலை சரிந்தது, இதில் ரேமுக்கு என்ன வேலை என்று ஊரில் யார் கேட்கப் போகிறார்கள்? அதை நினைக்கும்போதே அக்கா அப்பாவிடம் சொன்ன வார்த்தை காதில் விழுந்தது. பழி அந்தரத்தில் நிற்கவில்லை. ஏற்கெனவே ஒருத்தி அதைத் தூக்கிச் சுமந்துகொண்டிருந்தாள்.

விக்னேஸ்வரி மழைக்கோட்டோடு உள்ளே வந்தபோது அவன் எழுந்து நாற்காலியை விட்டான்.

"இத கொஞ்சம் பாருக்கா."

அவள் நின்றபடியே பார்த்தாள். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "இது எப்ப எடுத்தது?"

"நீ அன்னிக்கு எடுத்ததுதான்."

"பனின்னு சொன்னியே."

"பனி இல்ல. ரேம். நாலு குச்சி போட்டா ஸ்பீட குறைக்கணும்னு புவனேஸ் சொன்னான். நான் குறைக்கல. நீ கேட்டப்பவே எனக்குத் தெரியும். உன்கிட்ட சொல்ல முடியல."

அவள் திரையைத் தொட்டாள். முறிவு ஓடிய வழியே விரலை மெல்ல இழுத்துக்கொண்டு வந்து, கொட்டகைமேல் நிறுத்தினாள்.

"ரெண்டு குச்சி எடுத்திருந்தா?"

"இந்தப் பிரச்சினை வந்திருக்காது."

"அப்புறம் எதுக்கு நாலு?"

அவன் பெட்டிக்குள் எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தான். அவளும் அங்கே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. நம்ப முடியாத ஏதோ ஒன்றைக் கேட்டதுபோல வாய் லேசாகத் திறந்திருந்தது. பிறகு கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள், மாட்டியதை மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கிராணிகிட்ட போகணும். வா."

சாமிநாதன் வீட்டில் டீவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை அணைத்துவிட்டு, விக்னேஸ்வரி நீட்டிய லேப்டாப்பில் மேப்பைப் பார்த்தார். குணாளன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

"இது வந்திருந்தா அன்னிக்கே கொட்டகைய மாத்தியிருப்பேன், தம்பி" என்றார் கடைசியில். அவனைக் குத்த வேண்டும் என்று சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். கொஞ்சம் கழித்து, "நானும்தான் தெனம் அந்தக் கோட்டத் தாண்டிப் போனேன். மேப் வரட்டும், மேப் வரட்டும்னு" என்றவர், லேப்டாப்பை விக்னேஸ்வரியிடம் திருப்பிக் கொடுத்தார். "இப்ப இதக் கொண்டுபோய் யாருகிட்ட சொல்லப் போறீங்க? மழைன்னு ரிப்போர்ட் போயாச்சு. நவமணிக்கு வரவேண்டிய நஷ்ட ஈட்டுக்கு இது எடஞ்சலா வந்துடக் கூடாது லா."

"நவமணி அத்தைகிட்ட சொல்லணும்" என்றான் குணாளன்.

"சொல்லி?"

குணாளன் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

*

ஆஸ்பத்திரியில் நவமணி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, மகள் உரித்துக் கொடுத்த ஆரஞ்சைத் தின்றுகொண்டிருந்தாள். மகள் வெளியே போனதும் குணாளன் சொல்லத் தொடங்கினான். ரேம் என்றால் என்ன என்பதிலேயே தடுமாறினான். கம்ப்யூட்டர் ஒரு வேலை செய்யும்போது எல்லாவற்றையும் கையில் பிடித்துக்கொள்கிற சாமான் என்றான். தான் வாங்கியது சரியாகப் பிடிக்கவில்லை, அதைச் சரி செய்யத் தெரிந்தும் செய்யவில்லை, அக்காவிடம் பொய் சொன்னேன், அதனால்தான் மேப் வரவில்லை என்றான். கேட்டுக்கொண்டே அவள் ஆரஞ்சுக் கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தாள்.

"வேணும்னு செஞ்சியா?"

"இல்லத்த."

"அப்ப ஏன் சரியானத வாங்கல?"

"இது பாக்க நல்லா இருந்துச்சு. உள்ள விளக்கு எரியும்."

அதைத் தன் வாயாலேயே சொல்லிக் கேட்டபோது அவனுக்கு உடம்பு கூசியது. நவமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போய்விடலாமா, இருக்கலாமா என்று தெரியாமல் அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இத எதுக்கு என்கிட்ட வந்து சொல்றே, குணா? சொல்லிட்டா ஒனக்கு மனசு எறங்கும். எனக்கு என்ன எறங்கும்?"

"மன்னிச்சுக்கங்கன்னு கேக்க வரலத்த."

"கேக்காத. இப்ப என்னால முடியாது." குரல் உயரவில்லை. "வெளிய எம் மக நிப்பா, கூப்பிடு. தலகாணி சரியில்ல."

விக்னேஸ்வரி பல நாள் அவனோடு தேவைக்கு மேல் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக ஈப்போவுக்குப் போய், புவனேஸ்வரனிடம் அந்தக் கறுப்புக் குச்சிகள் இரண்டையும் வாங்கி வந்தாள். பெட்டியைத் திறந்து, பழைய நான்கையும் தன் கையாலேயே பிடுங்கி, இரண்டையும் பொருத்தினாள். எந்த இடத்தில் போடுவது என்று அவனிடம் கேட்கவில்லை, புத்தகத்தைப் பார்த்துப் போட்டாள். சோதனைப் புரோகிராமை அரை நாள் ஓடவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து துணி மடித்தாள். மழை ஓய்ந்ததும் மறுபடி ட்ரோனை எடுத்தாள். தோட்டத்து மலை முழுவதையும் எடுத்துக் கொடுத்தாள். இன்னோர் இடத்தில் விரிசல் தெரிந்தது. அதன் கீழே இருந்த லயத்து வீடுகளைச் சாமிநாதன் துரையோடு சண்டை போட்டுக் காலி செய்ய வைத்தார்.

நஷ்ட ஈடு நவமணிக்குக் குறையாமல் வந்தது. செயற்கைக் காலுக்கு அளவெடுக்கவும், நடந்து பழகவும் அவள் ஈப்போவுக்குப் போய்வர வேண்டியிருந்தது. மகள் கிள்ளானுக்குத் திரும்பிவிட்டாள். பஸ்ஸில் ஏற முடியாது. குணாளன் ஹோட்டலில் கேட்டு வேலை நேரத்தை மாற்றிக்கொண்டான். கெரேத்தா என்று அப்பா சொல்லும் அவருடைய பழைய காரைக் கழுவி அவள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். முதல் தடவை அவள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று சாமிநாதன்தான் கூட்டிப் போனார். அடுத்த தடவையும் அவன் வந்து நின்றான். அப்போது அவள் பின்சீட்டுக் கதவைத் திறந்து ஏறினாள்.

வழியில் பேச்சு இல்லை. வளைவுகளில் அவளுக்கு வாந்தி வரும் என்பதால் மெதுவாகவே ஓட்டினான். பின்னால் வந்த காய்கறி லோரிகள் ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போயின. அவன் எதற்கும் வேகம் கூட்டவில்லை. கண்ணாடியில் அவள் முகம் தெரியும். சில சமயம் தூங்குவாள். சில சமயம் விழித்துக்கொண்டு அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு வருவாள். அப்போதெல்லாம் அவன் கண்ணைச் சாலைக்கு மாற்றிக்கொள்வான்.

புதுக் கால் பூட்டிக்கொண்டு திரும்பிய நாள், மலைமேல் கம்போங் ராஜா ஊரைத் தாண்டும்போது அவள் முதல்முறையாகப் பேசினாள்.

"நிப்பாட்டு. சோளம் விக்கிறான்."

ஓரமாக நிறுத்தி, ஓடிப்போய்க் கதவைத் திறந்து கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். கதவின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, புதுக் காலை முதலில் தரையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தானாகவே எழுந்தாள். கல்லும் குழியுமான இடம். கடைவரை ஒவ்வோர் அடியாக வைத்துப் போனாள். அவன் நீட்டிய கையை மடக்கிக்கொள்ளாமல் இரண்டடி பின்னால் நடந்தான்.